கோடைக்கு ஒரு மலை வீடு

வெயிலுக்கு அஞ்சி மலையேறும் வழக்கம் மனித குலத்தில் புதியதன்று. மக்கா நகரத்துச் செல்வர்கள் தாயிஃபில் தோட்டங்கள் வைத்திருந்தார்கள். ஏறத்தாழ 6,000 அடி உயரத்தில், பாலைவனத்தின் அனல் அண்டாத இடத்தில் அமைந்த ஊர் அது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தாயிஃப் மக்களால் கல்லெறிந்து விரட்டப்பட்டபோது ஒதுங்கி நின்றது, உத்பா, ஷைபா என்னும் மக்கத்துச் சகோதரர்களின் திராட்சைத் தோட்டத்தில்தான் என்பதைச் சீறா வரலாறு கற்றோர் அறிவர். குறைஷித் தலைவர்களான அவர்களுக்கு, வாழும் ஊர் ஒன்றாகவும் தோட்டமுள்ள ஊர் வேறொன்றாகவும் இருந்தது.

மேற்கே இத்தாலியிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் தலைநகரின் புழுக்கத்தை விட்டுத் திவோலிக் குன்றின் அடிவாரத்தில் பெருமாளிகை எழுப்பினார். இத்தாலியின் தென்கோடித் தீவான சிசிலியில் 831 முதல் 1072 வரை முஸ்லிம்களின் கையிலிருந்த பலர்மோ நகரை நார்மானியர் கைப்பற்றினர். ஆயினும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தங்களுக்கென ஒரு கோடை மாளிகை கட்ட விரும்பிய அம்மன்னர்கள் நாடியது அரபுக் கைவினைஞர்களைத்தான். கூடத்தின் நடுவே நீரோடை தவழ, அதன்மேல் வரும் காற்று குளிர்ந்து பரவுமாறு அமைந்த அம்மாளிகை இன்றும் ‘ஸீஸா’ என்றே வழங்குகிறது. ‘அல்-அஸீஸா’ என்ற அரபுச் சொல்லின் சிதைவே அப்பெயர்.

இன்றும் ஐரோப்பியச் செல்வர், விடுமுறை வீட்டுக்கு உகந்தது டஸ்கனியா, சிசிலியா என்று ஆராய்ந்து கொண்டிருக்கிறார்கள். கொங்கு நாட்டில் அக்கேள்விக்கு வேறு பெயர்கள் உண்டு. உதகையா, குன்னூரா, கோத்தகிரியா, ஏற்காடா என்று கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் வசதி படைத்த குடும்பங்களில் பேச்சு எழுகிறது. விலையும் வண்டிப் பாதையும் பற்றிய விசாரணையோடு அப்பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. ஆனால் இத்தேர்வுக்கு இருநூறு ஆண்டு வரலாறு ஒன்று உண்டு. அதைத் தெரிந்துகொண்டு தேர்வது நலம்.

நீலமலைக்கு ஏறி வந்து எழுத்தில் பதிவு செய்த முதல் ஐரோப்பியர் ஓர் இத்தாலியரே. ஃபெனிசியோ என்னும் அந்த ஏசு சபைப் பாதிரியார் 1603ஆம் ஆண்டில் மலையாளக் கரையிலிருந்து மலையேறினார். மேலே தோடர் குலத்தாரையும் அவர்களுடைய எருமை மந்தைகளையும் கண்டார், அவர்களோடு உரையாடினார், திரும்பிவிட்டார். அதன்பின் இரு நூற்றாண்டுக் காலம் ஐரோப்பியர் எவரும் அங்கே குடியேறவில்லை.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் ஷஹீதானார். மைசூர் ஆட்சியின்கீழிருந்த கொங்கு நாடும் அதையொட்டிய நீலமலையும் ஆங்கிலக் கும்பினியின் கைக்குப் போயின. மலை கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. 1815 முதல் 1830 வரை அம்மாவட்டத்தின் கலெக்டராயிருந்தவர் ஜான் சலிவன். 1818இல் அவருடைய உதவி அலுவலர்களான விஷ், கிண்டர்ஸ்லி இருவரும் மலையேறித் திரும்பி, மேலே நிலவும் குளிரைப் பற்றிச் சொன்னார்கள். 1819 ஜனவரியில் சலிவன் தாமே ஏறிச்சென்று பார்த்தார். கோத்தகிரியை அடுத்த திம்பட்டியில் தங்குமிடம் அமைத்தார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை வெட்டப்பட்டு 1823இல் நிறைவெய்தியது.

அம்முதல் தேர்வைச் சற்று ஆராய்வோம். கோத்தகிரி தொட்டபெட்டா மலைத்தொடரின் கிழக்கே இருக்கிறது. 2,637 மீட்டர் உயர்ந்த அம்மலை தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தைத் தடுத்து நிறுத்துகிறது. ஆகவே மலையின் மேற்குப் பகுதி ஆனி ஆடியில் நனைந்து கிடக்கும்போது கோத்தகிரியில் மழை மிதமாகவே இருக்கும்; அங்கே பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். குன்னூருக்கும் இத்தன்மை உண்டு. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே குளிர் கூடுதல். மார்கழி தை இரவுகளில் உறைபனி விழும். ஏற்காடு 1,500 மீட்டர் அளவே, குளிர் மிதம். பருவமழை எந்தத் திசையிலிருந்து வருகிறது, மலை எந்தப் பக்கம் மறைக்கிறது என்று பாராமல் மலையில் இடம் தேடுவது, வீட்டின் வாசல் எத்திசை என்று கேளாமல் வீடு வாங்குவதைப் போன்றது.

சலிவன் கோத்தகிரியோடு நிற்கவில்லை. மேற்கே நடந்து உதகையைக் கண்டார். 1822இல் அங்கே கல்லால் ஒரு வீடு கட்டத் தொடங்கினார். மலைமக்கள் அதைக் ‘கல் பங்களா’ என்று அழைத்தனர். ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் என்ற விலையில் தோடரிடமிருந்து அவர் நிலம் வாங்கினார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உருளைக்கிழங்கு முதலிய பயிர்களைக் கொண்டுவந்ததும், ஏரியை வெட்டுவித்ததும் அவரே. அவர் ஒருவரின் ஓய்விடமாகத் தொடங்கிய ஊர், 1870 முதல் சென்னை மாகாண அரசின் கோடைக்காலத் தலைநகராகவே ஆகிவிட்டது. 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையும், 1908இல் உதகை வரையும் மலை இரயில் ஏறியது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

உதகையிலுள்ள தூய ஸ்தேவான் ஆலயத்தைப் பார்ப்பவர்கள் அதன் உத்தரங்களை நிமிர்ந்து நோக்க வேண்டும். ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1829இல் அடிக்கல் நாட்டப்பட்ட ஆலயம் அது. அதற்கான பெருமரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால் பாக் அரண்மனையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு மலைமேல் கொண்டுவரப்பட்டவை. வீழ்ந்த அரசின் அரண்மனை, வென்றவர்களின் கோடை ஊருக்கு மரக்கிடங்காயிற்று. அவ்வாலய வளாகத்தில்தான் சலிவனின் மனைவியும் மகளும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். உடல் நலத்துக்கென்று தேர்ந்த மலை, அவருக்குத் துயரத்தையும் தந்தது.

இனி நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சலிவன் ஏறிச்சென்றபோது அம்மலை ஆளில்லாத வெற்றிடமாகவா இருந்தது? ஊரின் பெயரே விடை கூறும். ‘ஒத்தைக்கல் மந்து’ என்பதே உதகமண்டலமாகத் திரிந்தது என்பர். மந்து என்பது தோடரின் குடியிருப்பு. படுகர்கள் தங்கள் ஹட்டிகளில் பயிர் செய்தார்கள். கோத்தர்கள் இரும்பையும் மண்ணையும் கருவிகளாகவும் கலங்களாகவும் ஆக்கினார்கள். குறும்பரும் இருளரும் காட்டையும் சரிவையும் அறிந்து வாழ்ந்தார்கள். பிறருக்கு இரண்டாம் வீடாகத் தோன்றிய இடம் இவர்களுக்கு ஒரே வீடு.

இவ்வுண்மையைச் சலிவன் உணராதவரல்லர் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மலை நிலத்தின் உரிமை தோடருக்கே உண்டு என்று அவர் வாதாடினார். ஆளுநர் லஷிங்டன் அதை ஏற்கவில்லை. ஒரு கலெக்டரின் வாதத்தைவிட, அவர் வெட்டிய பாதையும் கட்டிய வீடும் வலிமை பெற்றன. பாதை வந்தபின் ஆட்கள் வந்தனர். ஆட்கள் வந்தபின் காப்பி, தேயிலைத் தோட்டங்கள் வந்தன. தோடரின் எருமைகள் மேய்ந்த புல்வெளிகள் சுருங்கின. 1868இல் நீலகிரி கோவையிலிருந்து பிரிந்து தனி நிர்வாகமாயிற்று.

ஆவணத்தில் பிரிந்தாலும் நீரில் பிரியவில்லை. இதைத்தான் கொங்கு நாட்டார் ஊன்றி எண்ண வேண்டும். நீலமலையின் உச்சிகளில் புல்வெளியும், பள்ளங்களில் சோலைக்காடும் மாறி மாறி அமைந்திருந்தன. பருவ மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடைகளில் சிறிது சிறிதாக விடுவது அவற்றின் இயல்பு. அந்நீரே பவானியாகவும் மாயாறாகவும் இறங்குகிறது. 1955இல் முடிவுற்ற பவானிசாகர் அணை ஏறத்தாழ 2 லட்சம் ஏக்கர் நிலத்துக்கு நீர் தருவது இவ்விரு ஆறுகளைக் கொண்டே. கோவை நகரின் குடிநீரில் ஒரு பங்கு பில்லூரிலிருந்து வருகிறது. 1930களின் தொடக்கத்தில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின்தான் கோவையின் பஞ்சாலைகள் பெருகின. நம் வயலும் குழாயும் தறியும் மலையின் கருணையில் இயங்குகின்றன.

அப்படிப்பட்ட புல்வெளிகளில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் கற்பூர மரமும் சீகையும் நடப்பட்டன. விறகுக்கும் தைலத்துக்கும் அவை உதவின. ஆனால் புல்லின் இடத்தைப் புல் அல்லாதது பிடித்தது. பின்னர் விடுதிகளும் மனைகளும் சரிவுகளில் ஏறின. 2009 நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின்போது நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. 2024இல் சென்னை உயர்நீதிமன்றம், கோடையில் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகள் இ-பாஸ் பெற்றே வரவேண்டும் என்று உத்தரவிட்டது. தாங்கும் அளவு ஒன்று மலைக்கும் உண்டு என்பதை நீதிமன்றமே எடுத்துரைக்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆகவே மலையில் வீடு தேடும் குடும்பத்தார் சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும். மனை எத்தகைய சரிவில் இருக்கிறது? அதன் மேலே வெட்டிய மண்ணா, வேரோடிய காடா? கார்த்திகை மழையில் நீர் எவ்வழியே இறங்கும்? வீட்டுக்கு வேண்டிய நீர் எந்த ஊற்றிலிருந்து வரும்; அவ்வூற்றை இதுவரை நம்பியிருந்த ஹட்டியும் மந்தும் எவை? கழிவுநீர் எந்த ஓடையில் போய்ச் சேரும்? ஆண்டில் இருபது நாள் தங்குவதற்காகப் பதினொரு மாதம் பூட்டிக்கிடக்கும் வீடு தேவையா, அல்லது அவ்வூர் மக்களின் வீட்டிலோ விடுதியிலோ வாடகைக்குத் தங்கினால் அவர்களுக்கும் ஒரு வருவாய் ஆகுமே என்று எண்ணலாமா? இவற்றுக்கு விடை கிடைத்தபின் விலையைப் பேசலாம்.

மதீனாவில் ஹர்ராவின் வாய்க்கால் நீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரித் தோழர் ஒருவருக்கும் வழக்கு எழுந்தது. மேட்டு நிலத்தார் தம் தேவைக்குப் பாய்ச்சிக்கொண்டு, பின்னர் அண்டை நிலத்தாருக்கு நீரை விட்டுவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்கள் வழங்கிய தீர்ப்பின் சாரம். மேலே இருப்பவருக்கு உரிமை உண்டு. அவ்வுரிமைக்கு எல்லையும் உண்டு. மலைமேல் வீடு கட்டுகிறவர் அந்த மேட்டு நிலத்தாரின் இடத்தில் நிற்கிறார். கீழ்நிலத்தில் இருப்பவர்களோ வேறு யாருமல்லர். பவானிக் கரையில் நெல்லும் மஞ்சளும் பயிரிடும் நம் உறவினர், கோவைத் தெருக்களில் குழாயடியில் குடத்தோடு நிற்கும் நம் தாய்மார்.

ஓய்வு வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. உழைத்துக் களைத்த உடலுக்குக் குளிர்ந்த காற்றும் இறைவனின் அருட்கொடையே. அக்கொடை நமக்கு மட்டும் வழங்கப்பட்டதன்று என்ற நினைவோடு மலையேறுவோமாக.