தூண்டிலில் வந்த சரித்திரம்

மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. "ஏதாவது எழுதுப்பா. ஆனா சும்மா ஹாஸ்டல் அரட்டையா இருக்கக் கூடாது, கொஞ்சம் சரித்திரமும் இருக்கணும்" என்றார்கள். டிரான்ஸ்பார்மரும் பேனல் போர்டுமாகப் பிழைப்பு நடத்துகிறவனுக்குச் சரித்திரம் எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹாஸ்டல் அரட்டைதான். ஆனால் நாங்கள் அடித்த கூத்து ஒன்று, தேடிப் பார்த்தபோது, பெரிய பெரிய ஆட்களின் சரித்திரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அதை எழுதுகிறேன். ஜூனியர் தம்பி தங்கைகள் பொறுத்துக்கொள்ளவும்.

நான் அகரத்துக்காரன். தாடிக்கொம்புக்குப் பக்கத்தில், முத்தாலம்மன் கோயில் இருக்கிற அதே அகரம்தான். கடலுக்கும் எங்களுக்கும் வெகுதூரம். எங்களுக்குத் தண்ணீர் என்றால் குடகனாறு, அதுவும் வந்தால்தான் உண்டு. மீன் என்றால் குளத்தில் தண்ணீர் வற்றும்போது வேட்டியை விரித்துப் பிடிக்கிற ஜிலேபி. அந்த ஜிலேபியும் நம் ஊர் மீன் இல்லை, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, 1952-ல்தான் இந்தியாவுக்குள் வந்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு, "மீன் பிடிக்கிறதெல்லாம் நமக்குத் தண்ணிபட்ட பாடு" என்று நான் ஹாஸ்டலில் அளந்தது உண்மை.

எங்கள் அறையில் நாலு பேர். நான், வத்தலக்குண்டான், ஒட்டன்சத்திரத்தான், மண்டபத்தான். ஊர்ப்பெயரே எங்களுக்குப் பெயர். மூன்றாம் ஆண்டு, 2008 பொங்கல் விடுமுறையில், "வாங்கடா, எங்க சித்தப்பா வள்ளத்துல கூட்டிட்டுப் போறேன்" என்று மண்டபத்தான் அழைத்தான். போனோம்.

தை மாதத்தில் அங்கே வாடைக்காற்று. மண்டபத்துக்காரர்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை அடிக்கும்போது வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். அதனால் தென்கடலுக்குத்தான் கிளம்பினோம். தீவுகள் பக்கம் போகக் கூடாது, 1986 முதல் அவை தேசியப் பூங்கா என்று சித்தப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். அதிகாலை நாலு மணி. அடங்கிய கடல் என்று அவர் சொன்ன அந்தக் கடலிலேயே வத்தலக்குண்டான் அரை மணி நேரத்தில் சுருண்டு விட்டான். முந்தின இரவு மூன்று பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டவன் அவன். "இரைக்கு இரையும் ஆச்சு" என்று சித்தப்பா சிரித்தார்.

கைத்தூண்டில்தான். நரம்பு, ஈயக்குண்டு, முள், முள்ளில் சூடை மீன் துண்டு. இரண்டு மணி நேரம் மீன்கள் துண்டைத் தின்றன, நாங்கள் முள்ளை இழுத்தோம். பிறகு திடீரென்று ஒட்டன்சத்திரத்தான் கத்தினான். "மாட்டிக்கிச்சுடா, பெருசு, பெருசு!" அவன் வள்ளத்தின் இடது பக்கம். அதே நேரம் வலது பக்கம் நானும் கத்தினேன். என் நரம்பும் விரலை அறுக்கிற மாதிரி இழுத்தது. அவன் இழுக்க நான் விட, நான் இழுக்க அவன் விட, பத்து நிமிடம் போராட்டம். சித்தப்பா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். கடைசியில், "தம்பிகளா, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பிடிச்சிருக்கீங்க" என்றார். வள்ளத்துக்கு அடியில் இரண்டு நரம்பும் பின்னிக் கிடந்தன. மூன்று வருடம் இயந்திரவியல் படித்த ஒட்டன்சத்திரத்தானுக்கு விசையும் எதிர்விசையும் அன்றுதான் புரிந்ததாம்.

அதற்குப் பிறகு வந்த ஒரு கணவாய் என் வெள்ளைச் சட்டையில் மையைக் கொட்டிவிட்டுக் கடலுக்கே திரும்பிப் போனது. விளமீன் நாலைந்து கிடைத்தது, அதுவும் மண்டபத்தான் பிடித்தது.

பிறகுதான் என் முள்ளில் அது வந்தது. ஒரு சாண் நீளம், உருண்டை உடம்பு, முயலுக்கு இருப்பது போலப் பல். வள்ளத்தில் போட்டதும் காற்றை விழுங்கிப் பந்தாக ஊதிக்கொண்டது. எங்களுக்கு ஒரே குஷி. வத்தலக்குண்டான்கூட எழுந்து உட்கார்ந்துவிட்டான். "குண்டா இருக்குடா, குழம்புக்கு நல்லாருக்கும்" என்று சொல்லி ஒட்டன்சத்திரத்தான் அதை விளமீன் கிடந்த வாளியில் போட்டான். பின்பக்கம் இன்ஜினைக் குடைந்துகொண்டிருந்த சித்தப்பா திரும்பினார். அதுவரை சிரித்துக்கொண்டே இருந்த மனிதர் முகம் மாறிவிட்டது.

"ஏ தம்பி, அது பேத்தை! எடுத்து எறி."

எறிந்தோம். "அதக் கொண்டுபோய் மெஸ்ஸுல ஆக்கியிருந்தீங்கன்னா, மக்யா நாளு மெஸ்ஸுல சாப்பிட ஆளு இருக்காது" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டோம். "எங்கப்பா காட்டுனாரு" என்றார். அவ்வளவுதான்.

அப்போது அதைப் பாதி நம்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் படிக்க உட்கார்ந்தேன். பேத்தையின் ஈரலிலும் சினையிலும் இருக்கிற நஞ்சுக்கு டெட்ரோடோடாக்சின் என்று பெயர். 1909-ல் ஜப்பானிய விஞ்ஞானி தஹாரா வைத்த பெயர் அது. கொதிக்க வைத்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. நரம்புக்குள் சோடியம் அயனிகள் போகிற வழியை அடைத்துவிடும். வயரை அறுக்காமல் கரண்ட்டை மட்டும் நிறுத்துவது போல. மூச்சு விடுகிற தசைக்குச் செய்தி போகாது, ஆனால் ஆளுக்கு நினைவு இருந்துகொண்டே இருக்கும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. அந்த வாளி கண்ணுக்கு முன்னாலேயே நின்றது.

எங்களுக்கு முன்னால் இதே தப்பைச் செய்தவர் சாதாரண ஆள் இல்லை, கேப்டன் ஜேம்ஸ் குக். 1774 செப்டம்பரில் ரெசல்யூஷன் கப்பல் பசிபிக்கில் நியூ கலிடோனியா தீவில் நின்றது. கப்பல் குமாஸ்தா தீவுக்காரர் ஒருவரிடம் புதுவகை மீன் ஒன்றை வாங்கி வந்தார். கப்பலில் ஃபார்ஸ்டர் என்கிற இயற்கை ஆராய்ச்சியாளரும் அவர் மகனும் இருந்தார்கள். அதை வரைந்து, வர்ணித்து எழுதுவதற்குள் நேரமாகிவிட்டதால், ஈரலையும் சினையையும் மட்டும் ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சமைத்தார்கள். குக்கும் ஃபார்ஸ்டர்களும் ருசி பார்த்ததோடு சரி. விடிவதற்கு முன் கைகால் மரத்துப்போனது. தண்ணீர் நிறைந்த பாத்திரத்துக்கும் ஒரு இறகுக்கும் எடை வித்தியாசமே தெரியவில்லை என்று குக் எழுதி வைத்திருக்கிறார். மீனின் குடலைத் தின்ற பன்றி செத்துப்போனது. அடுத்த நாள் கப்பலுக்கு வந்த தீவுக்காரர்கள் தொங்கிக்கொண்டிருந்த மீனைப் பார்த்ததுமே, இது தின்கிற மீன் இல்லை என்று சைகை காட்டினார்களாம். உலகத்தையே சுற்றி வந்த கப்பல், கூடவே இரண்டு விஞ்ஞானிகள். அந்த மீனைப் பற்றித் தெரிந்தவர்கள் மட்டும் கரையில் இருந்தார்கள்! எங்களுக்கு அந்த ஆள் வள்ளத்திலேயே பீடி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குக்கை விட நாங்கள் அதிர்ஷ்டசாலிகள்.

எதிர்பாராமல் வந்த மீனுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 1938 டிசம்பர் 22, தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் துறைமுகம். அங்குள்ள சிறிய அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் என்ற இளம்பெண், கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்ல கேப்டன் கூசனின் படகுக்குப் போனார். சுறாக் குவியலுக்கு அடியில் ஒரு நீலத் துடுப்பு தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் ஐந்தடி நீளத்தில், அதற்குமுன் பார்த்தே இராத மீன். டாக்ஸி டிரைவர் இந்த நாற்றத்தை ஏற்ற மாட்டேன் என்று அடம்பிடித்தார். பிணவறையில் இடம் கேட்டார், கிடைக்கவில்லை. குளிர்பதனக் கிடங்கும் கைவிரித்தது. அருங்காட்சியகத் தலைவரோ ஏதோ சாதாரணப் பாறை மீன் என்று சொல்லிவிட்டார். அந்தப் பெண் விடவில்லை. படம் வரைந்து ஸ்மித் என்பவருக்கு அனுப்பினார். அவர் வேலை வேதியியல் விரிவுரையாளர், மீன் ஆராய்ச்சி அவருக்குப் பைத்தியம். கடிதம் கிடைத்து அவர் நேரில் வந்து பார்ப்பதற்குள் பிப்ரவரி ஆகிவிட்டது, உள்ளுறுப்புகளெல்லாம் அழுகி எறியப்பட்டுவிட்டன. அதுதான் சீலகாந்த். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துபோனதாகப் புத்தகங்களில் எழுதி முடித்திருந்த இனம்.

அடுத்த சீலகாந்துக்காக ஸ்மித் நூறு பவுன் பரிசு அறிவித்துப் பதினாலு வருடம் காத்திருந்தார். 1952-ல் கொமொரோ தீவுகளில் கிடைத்தது. அங்கே உள்ள மீனவர்களுக்கு அது புதிதே இல்லை. எப்போதாவது தூண்டிலில் வருகிற 'கொம்பெஸ்ஸா' அது. எனக்குச் சிரிப்பு வந்த இடம் இதுதான்.

நம் கடற்கரையிலும் இப்படி வந்திருக்கிறது, ஆனால் சிரிக்க முடியாது. 1973-ல் இதே பொங்கல் சமயத்தில், ஜனவரி 14 அன்று, மணப்பாடு கரையில் 147 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2016 ஜனவரியில் அதே பகுதியில் 80-க்கும் மேல். அப்போது மீனவர்களும் அதிகாரிகளும் முடிந்தவற்றைக் கடலுக்குள் இழுத்து விட்டார்கள். பாக் நீரிணையில் வலையில் சிக்குகிற ஆவுளியாவை, அதாவது கடல் பசுவை, ஒரு காலத்தில் கறிக்கு அறுத்தார்கள். இப்போது சிக்கினால் அறுத்துவிடுவது வலையைத்தான். 2022-ல் அதற்கென்றே 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் அறிவித்தார்கள். கடல் அட்டையை 2001-ல் தடைப்பட்டியலில் சேர்த்ததில் பலருக்குப் பிழைப்புப் போனது, அந்த வருத்தம் மண்டபத்தில் இன்னும் இருக்கிறது. எதைத் திரும்ப விட வேண்டும் என்று முன்பு அப்பா சொன்னார், இப்போது சட்டமும் சொல்கிறது. இரண்டும் எப்போதும் ஒன்றுபோலச் சொல்வதில்லை.

திரும்பி வரும்போது விளமீனை ஐஸ் பெட்டியில் போட்டு பஸ்ஸில் ஏறினோம். பரமக்குடி வருவதற்குள் ஐஸ் உருகிவிட்டது. மீன் தண்ணீர் ஒரு அம்மாவின் கட்டைப்பைக்குள் போய்விட, கண்டக்டர் எங்களையும் பெட்டியையும் படிக்கட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். ஈஸ்ட் லண்டன் டாக்ஸி டிரைவரின் நியாயம் எனக்கு நன்றாகவே புரியும். அகரத்தில் அம்மா அதைக் குழம்பு வைத்தாள். "நீயா புடிச்ச?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த மலர் வெளிவரும் நாளில் அந்தப் பொய்யும் வெளிவருகிறது.

சித்தப்பா இப்போது இல்லை. வள்ளத்தை விற்றுவிட்டார்கள். அவர் மகன் சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். பேத்தையைப் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்று போனில் கேட்டேன். "கூகுள்ல போட்டோ போட்டுப் பார்த்துக்கலாம்ணே" என்றான். வள்ளத்தில் டவர் கிடைக்குமா என்று நான் கேட்கவில்லை.

மண்டபத்தான் சந்திப்புக்கு வருகிறான். நம் செட்டுக்கு ஒரு பெட்டி கருவாடு கொண்டு வருகிறானாம். அதில் பேத்தை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லியிருக்கிறேன். வத்தலக்குண்டான் அதையும் நம்பவில்லை. முதலில் நான் சாப்பிட வேண்டுமாம்.