மகளிர் டென்னிஸ்: சென்னைவரை வந்த வரலாறு



கொடிகாமம் சந்தையை அறியாதவர் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அரியர். தென்மராட்சியின் மாம்பழமும் பலாப்பழமும் தேங்காயும் அங்கு வந்து குவியும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து விலை கேட்பவர், அதனைக் கொண்டுவந்தவர் ஆணா பெண்ணா என்று நோக்கி விலையைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. பழத்துக்குத்தான் விலை. இத்துணை எளிய நியாயத்தை டென்னிஸ் உலகம் முழுமையாக ஏற்றுக்கொள்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று. கடலுக்கு அப்பால் நமக்கு அண்மையிலுள்ள சென்னை நகரில், மகளிருக்கான சர்வதேசத் தொழில்முறைச் சுற்றுப்போட்டி நடந்திருக்கின்றது. அது எவ்வழியாக அங்கு வந்து சேர்ந்தது என்பதையே இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

விம்பிள்டனில் ஆடவர் போட்டி 1877ஆம் ஆண்டு தொடங்கிற்று. மகளிர் ஒற்றையர் போட்டி 1884இலேதான் சேர்க்கப்பட்டது. பதின்மூவர் கலந்துகொண்ட அப்போட்டியின் இறுதியாட்டத்தில், மோட் வாட்சன் என்பார் தம் சொந்தத் தமக்கையாகிய லிலியனை வென்று முதல் வெற்றிவாகை சூடினார். நீண்ட பாவாடை நிலத்தைத் தடவ மகளிர் ஆடிய காலம் அது. ஆட்டம் என்பது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு. அதற்குப் பணம் பெறுவது இழுக்கு என்று கருதப்பட்டது. ஆனால் பார்க்க வந்தவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவதை எவரும் இழுக்காகக் கருதவில்லை!

இம்முரண்பாட்டை முதலில் எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் சுசான் லெங்லென். விம்பிள்டன் ஒற்றையர் பட்டத்தை ஆறு முறை வென்ற அவர், 1926இல் ஊதியம் பெற்று ஆடும் தொழில்முறை ஆட்டக்காரராக மாறி, அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று ஆடினார். அதன்பின் விம்பிள்டன் முதலிய பெரும் போட்டிகளின் கதவு அவருக்கு அடைபட்டது. உழைப்புக்கு ஊதியம் பெற்றவருக்கு அங்கு இடமில்லை என்பது அந்நாளைய விதி.

அவ்விதி 1968இல் தளர்ந்தது. தொழில்முறையாளரும் விம்பிள்டனில் ஆட அனுமதி பெற்றனர், பணப்பரிசும் வந்தது. ஆனால் அப்பரிசில் ஓர் ஏற்றத்தாழ்வு இருந்தது. ஆடவர் வெற்றியாளரான ரொட் லேவருக்கு 2,000 பவுண். மகளிர் வெற்றியாளரான பில்லி ஜீன் கிங்குக்கு 750 பவுண். ஆடுகளம் ஒன்று, வலை ஒன்று, பந்து ஒன்று. பரிசு மட்டும் இரண்டாயிற்று.

1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடக்கவிருந்த ஒரு போட்டியில் இவ்வேற்றுமை எல்லை கடந்தது. ஆடவர் வெற்றியாளருக்கு 12,500 டொலர். மகளிருக்கு 1,500 டொலர். இதனை ஏற்க மறுத்த ஒன்பது வீராங்கனைகள், கிளாடிஸ் ஹெல்ட்மன் என்னும் பத்திரிகை ஆசிரியையின் துணையோடு, ஹூஸ்டன் நகரில் தமக்கெனத் தனியாக ஒரு போட்டியை நடத்தினர். ஒவ்வொருவரும் ஒரேயொரு டொலருக்கு ஒப்பந்தம் எழுதிக் கையொப்பமிட்டனர். எழுவர் அமெரிக்கர், இருவர் அவுஸ்திரேலியர். அதிகாரபூர்வமான சங்கங்கள் தங்களை விலக்கிவைக்கக்கூடும் என்பதை அறிந்தே அவர்கள் அதனைச் செய்தனர். பணம் தந்து ஆதரித்தது ஒரு சிகரெட் நிறுவனம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வேறு வாயில்கள் அன்று அவர்களுக்கு எளிதில் திறக்கவில்லை. அப்போட்டியில் ரோசி கசால்ஸ் வெற்றி பெற்றார். இன்றைய மகளிர் தொழில்முறைப் போட்டிகள் அனைத்துக்கும் அதுவே வித்து.

1973இல் இலண்டனில் மகளிர் டென்னிஸ் சங்கம் தோன்றியது. அவ்வாண்டே அமெரிக்கப் பகிரங்கப் போட்டியில் இருபாலாருக்கும் சமபரிசு வழங்கப்பட்டது. விம்பிள்டன் அந்நிலைக்கு வந்தது 2007ஆம் ஆண்டிலே. மோட் வாட்சன் வென்ற நாளிலிருந்து 123 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இனி நமது பக்கம் திரும்புவோம். லீலா ராவ் என்னும் இந்தியப் பெண்மணி 1934இலேயே விம்பிள்டனில் ஓர் ஆட்டத்தை வென்றவர். அது பணப்பரிசு இல்லாத காலம். தொழில்முறைக் காலத்தில், கோயம்புத்தூரில் பிறந்த நிருபமா வைத்தியநாதன் 1998ஆம் ஆண்டு அவுஸ்திரேலியப் பகிரங்கப் போட்டியின் முதற்சுற்றில் வென்று, அத்தகைய பெரும் போட்டியொன்றின் பிரதான சுற்றில் வெற்றி கண்ட முதல் இந்தியப் பெண் ஆனார். 2005ஆம் ஆண்டு பெப்ரவரியில், பதினெட்டு வயதான சானியா மிர்சா, தாம் வளர்ந்த ஐதராபாத் நகரிலேயே மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டம் ஒன்றை வென்றார். இந்தியப் பெண்களுள் அதுவே முதல் வெற்றி.

சென்னை நுங்கம்பாக்கத்து அரங்கிலோ 1997 முதல் 2017 வரை ஆண்டுதோறும் ஆடவர் போட்டியே நடந்துவந்தது. அது புனே நகருக்குச் சென்றுவிட்டது. அரங்கு பல ஆண்டுகள் அத்தகைய சர்வதேசப் போட்டியின்றி இருந்தது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் அங்கு வந்தவர்கள் மகளிர். 32 பேர் ஆடும் ஒற்றையர் போட்டி. பட்டம் பெற ஐந்து ஆட்டங்களை வெல்ல வேண்டும். மொத்தப் பரிசுத்தொகை 251,750 அமெரிக்க டொலர். இந்தியாவின் கர்மன் கௌர் தண்டி முதற்சுற்றில் வென்று, இரண்டாம் சுற்றில் கனடாவின் யூஜெனி புஷாரிடம் தோற்றார். இறுதியாட்டத்தில், பதினேழு வயதேயான செக் நாட்டு லிண்டா புருவிர்தோவா, போலந்தின் மக்தா லினெட்டிடம் முதற் தொகுதியை 4-6 என இழந்தும் சோரவில்லை. அடுத்த இரு தொகுதிகளையும் 6-3, 6-4 என வென்று, தம் வாழ்வின் முதற் பட்டத்தைத் தமிழ் மண்ணிலே பெற்றார். 2025இல் இப்போட்டி மீண்டும் நடைபெற்றபோது, இந்தோனேசியாவின் ஜெனிஸ் சென் பட்டம் வென்றார்.

நேயர்களே, கணக்கு இன்னும் முடிந்துவிடவில்லை. நான்கு பெரும் போட்டிகளிலும் பரிசு சமம். ஆனால் சிறிய சுற்றுப்போட்டிகளில் ஆடவருக்குரிய பரிசுத்தொகை இன்றும் பெரும்பாலும் கூடுதலாகவே உள்ளது. நமது ஊர்களின் கணக்கோ அதனினும் முந்திய இடத்தில் நிற்கின்றது. யாழ்ப்பாணத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம், 2018ஆம் ஆண்டு ஆசிய வலைப்பந்தாட்டப் பட்டத்தை வென்ற இலங்கை அணியிலே தூணாக நின்றவர். ஆற்றல் நம்மிடம் இல்லை என்று இனி எவரும் சொல்ல இயலாது. இருப்பினும், பாடசாலை மைதானத்தில் வலுவோடு ஓடிய எத்தனையோ பெண்பிள்ளைகளுக்கு, பரீட்சை முடிந்த நாளோடு ஆட்டமும் முடிந்துவிடுகின்றது. பரிசு சமமா என்று கேட்கும் இடத்துக்கு அவர்கள் வருவதேயில்லை.

ஒரு டொலர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட ஒன்பது பெண்கள், தமக்கு என்ன கிடைக்கும் என்பதை அன்று அறியார். அவர்கள் நட்ட மரத்தின் நிழலில்தான் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி சென்னையிலே கிண்ணத்தை ஏந்தினாள். உங்கள் வீட்டுப் பெண்பிள்ளை மாலையில் மைதானத்துக்குப் போய்வர இன்னும் ஓராண்டு அனுமதி கேட்டால், இவ்வரலாற்றை ஒருமுறை எண்ணிப் பார்த்து விடை கூறுங்கள்.