என்பும் தசையும் நரம்பும் தமிழ் பேசிய வரலாறு

உடலின் அமைப்பையும் தொழிலையும் ஆராயும் நவீன அறிவு ஆங்கிலத்திலன்றித் தமிழில் நிலைபெறாது என்று கூறுவோர் இன்றும் உளர். அக்கூற்றுக்கு விடை தேடி நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மானிப்பாயிலேயே அது கிடைக்கின்றது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். நம்மவர் சிலருக்கு மேலைநாட்டு மருத்துவம் கற்பிக்கலானார். முதலில் ஆங்கிலத்தில் நடைபெற்ற போதனை 1864 அளவில் தமிழுக்கு மாறிற்று. ஆங்கிலத்திற் கற்றோர் அரச பதவியை நாடிப் பிறவிடம் செல்வர். தமிழிற் கற்றோர் தம் கிராமத்து மக்களிடையே தங்குவர் என்பது அவர் கருத்து.

தமிழிற் போதிப்பதற்குத் தமிழில் நூல் வேண்டுமன்றோ? கற்றரின் உடல்நூல் 1857இல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என அச்சேறியது. அங்காதிபாதம் என்றது உடலமைப்பியலை. சுகரணவாதம் என்றது உடற்றொழிலியலை. உற்பாலனம் என்றது சுகாதாரத்தை. 1867இல் ‘இரணவைத்தியம்’, 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’, 1883இல் ‘மனுஷ சுகரணம்’ என்பன தொடர்ந்தன. கிறேயின் உடலமைப்பு நூல் இலண்டனில் வெளிவந்தது 1858இல். அதனையும் ஆதாரமாகக் கொண்ட தமிழ்நூல் 14 ஆண்டுகளுள் நமக்குக் கிடைத்தது. இம்முயற்சி கிறீன் ஒருவரது சாதனையன்று. மொழிபெயர்ப்பில் அவருடைய தமிழ் மாணவரும் தோள்கொடுத்தனர்.

அவர்கள் எதிர்கொண்ட இடர்ப்பாட்டை ஒரு சொல்லால் விளக்கலாம். என்பும் தசையும் தமிழிற் பொருள் தெளிந்த சொற்கள். நரம்போ அத்தகையதன்று. யாழின் தந்தியும் நரம்பு. குருதி ஓடும் குழாயும் நரம்பு. தசையை என்போடு பிணைக்கும் நாணும் நரம்பு. இன்றும் நாளத்தில் ஏற்றும் ஊசியை “நரம்பில் போட்டார்கள்” என்றே மக்கள் சொல்லுகின்றனர். மூளையின் ஏவலைத் தசைக்கும், தோலின் உணர்ச்சியை மூளைக்கும் கொண்டுசெல்லும் உறுப்பை மட்டும் அச்சொல் குறிக்கவேண்டுமாயின், குருதிக்குழாய்களுக்கு நாடி, நாளம் என்றும், தசையின் பிணைப்புக்குத் தசைநாண் என்றும் வேறு பெயர்கள் நிலைபெறல் வேண்டும். கலைச்சொல்லாக்கம் வெறும் சொல்விளையாட்டன்று. பொருள்களைப் பிரித்தறியும் சிந்தனைப் பயிற்சியே அது.

கிறீனைக் குறையற்றவராக நாம் போற்றவேண்டுவதில்லை. மருத்துவம் அவருக்கு மதம் பரப்பும் வழியுமாக இருந்தது. வடமொழி செறிந்த அவருடைய சொற்களுட் பல வழக்கொழிந்தன. ஆயினும், அறிவை மக்கள் மொழியில் வைத்தல் இயலும் என்பதை அவர் செயலிற் காட்டினார்.

அவ்வழி ஏன் தொடரவில்லை? தமிழின் வலுக்குறைவு அதற்குக் காரணமன்று. 1870இல் கொழும்பில் தொடங்கிய மருத்துவக் கல்லூரியின் மொழி ஆங்கிலம். குடியேற்ற ஆட்சியில் பதவியின் மொழியும் அதுவே. 1873இல் கிறீன் நாடு திரும்பினார். சோறு தரும் மொழி எதுவோ அதுவே அறிவின் மொழியென மதிக்கப்பட்டது.

இன்று நம் மாணவர் உயர்தரம் வரை உயிரியலைத் தமிழிற் பயில்கின்றனர். 1978இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய மருத்துவபீடத்திலும் போதனை ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றது. உலக அறிவோடு தொடர்புகொள்ள ஆங்கிலம் வேண்டுவதே. ஆனால், நோவு எங்கே என்று தமிழிற் சொல்லும் உழவனுக்கும் தொழிலாளிக்கும் அந்நோவின் காரணத்தைத் தமிழில் அறியும் உரிமை உண்டு. தம் உடலைப் பற்றிய அறிவு மக்களுக்கே அந்நியமாயிருப்பது நீதியாகாது. அவ்வறிவை அவர்கள் மொழியில் எழுதுவதும் கற்பிப்பதும் ஆசிரியரும் மாணவருமாகிய நம் கடன்.