பறவைக்கு வரி! படத்திற்குப் பூட்டு!

1926ஆம் ஆண்டு, அக்டோபர்த் திங்களில், நியூயார்க் துறைமுகத்தில் ஒரு பறவை பிடிபட்டது! அதற்குச் சிறகில்லை, அலகில்லை, காலில்லை. ஏறக்குறைய நாலரை அடி உயரம். கண்ணைப் பறிக்கும் மெருகேற்றிய வெண்கலம். விண் நோக்கி எழும் ஒரே வீச்சு. செய்தவர் அதற்கு இட்ட பெயர், 'விண்வெளியில் பறவை'. கலைப்பொருளுக்கு அமெரிக்க நாட்டில் அந்நாளில் சுங்கவரி இல்லை. ஆனால், சுங்க அதிகாரிகள் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தனர், பறவை எங்கே என்று தேடினர், தென்படவில்லை. அடுக்களைச் சாமான்களும் மருத்துவமனைக் கருவிகளும் அடங்கிய உலோகப் பொருள் பட்டியலிலே அதைச் சேர்த்து, நூற்றுக்கு 40 வீதம் வரி கட்டுக என்றனர்.

வழக்கு மன்றம் ஏறிற்று. பறவைபோல் தோன்றாத ஒன்று பறவையாகுமா? இயற்கையை அப்படியே படியெடுக்காதது சிற்பமாகுமா? சிலையை வாங்கியவர் எட்வர்டு ஸ்டைகன் எனும் புகைப்படக் கலைஞர். அவரைப் பார்த்து, காட்டிலே இதைக் கண்டால் பறவையென எண்ணிச் சுடுவீரா என்றும் கேட்டனர். சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன், கலை என்று சாட்சி சொன்னார். ஐட்கன், ஜோன்ஸ் என்ற வேறு இரு சிற்பிகள், கலையன்று என்று சாட்சி சொன்னார்கள். இரு திறத்தாரையும் கேட்ட மன்றம் 1928 நவம்பர் 26இல் தீர்ப்பளித்தது. இயற்கைப் பொருளைப் படியெடுப்பதை விடுத்துக் கருத்தை வடிக்க முனையும் புதியதொரு கலைநெறி தோன்றியிருக்கிறது. நமக்கு அது பிடிக்கிறதோ இல்லையோ, அது இருக்கிறது என்பதை ஏற்றாக வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். பறவை வென்றது. வரி வீழ்ந்தது.

அந்தப் பறவையைப் படைத்தவர் யார்? பட்டுமெத்தையிலே பிறந்த பிரபுவா? அல்லர். ருமேனிய நாட்டிலே, கார்ப்பேத்திய மலையடிவாரத்திலே, ஹொபிட்சா என்ற சிற்றூரிலே, 1876 பிப்ரவரி 19இல் உழவர் குடியிற் பிறந்த கான்ஸ்டன்டின் பிராங்குசி. சிறு வயதில் ஆடு மேய்த்தார். மேய்ச்சலுக்கிடையே மரம் செதுக்கினார். இளமையிலேயே வீட்டைவிட்டுச் சென்று கடைகளிலே எடுபிடி வேலை செய்தார். கிரயோவா நகரத் தொழிற்பள்ளியிலே தச்சுத் திறன் பெற்றார். தலைநகர் புக்காரெஸ்டின் கவின்கலைப் பள்ளியிலே 1902இல் படிப்பை முடித்தார். பின் பாரிஸ் நோக்கிப் புறப்பட்டார். கையில் காசில்லை, காலில் வலுவிருந்தது. வழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்து, 1904இல் பாரிஸ் சேர்ந்தார்.

அங்கே, சிற்ப உலகின் முடிசூடா மன்னராக விளங்கிய ரோடானின் பட்டறையிலே 1907இல் இடம் கிடைத்தது. பிறர் தவம் கிடந்தாலும் கிட்டாத இடம்! சில வாரங்களிலேயே வெளியேறினார். பெருமரத்தின் நிழலிலே வேறொன்றும் வளராது என்பது அவர் சொன்ன காரணம். ஆசானை மதித்தார், அடிமையாகவில்லை. மரபை அறிந்தார், மண்டியிடவில்லை. உருவத்தைக் குறைத்துக் குறைத்து, கருத்தைக் கூர்மையாக்கிக் கூர்மையாக்கி, இருபதாம் நூற்றாண்டுச் சிற்பம் என எதைச் சொல்கிறார்களோ அதற்கு அடிக்கல் நாட்டினார்.

புகழ் பெற்ற பின்னும் பிறந்த மண்ணை அவர் மறக்கவில்லை. ஹொபிட்சாவிற்கு அருகே தர்கு ஜியூ என்றொரு நகரம். முதல் உலகப் போரிலே, 1916இல், அந்த ஊரைக் காத்து மடிந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் வேண்டுமென, கோர்ஜ் மாவட்டப் பெண்கள் சங்கம் அவரை நாடியது. வாளேந்திய வீரன் சிலையை அவர் வடிக்கவில்லை. பன்னிரண்டு கல்லிருக்கைகள் சூழ்ந்த 'அமைதி மேசை' அமைத்தார்; 'முத்த வாயில்' எழுப்பினார்; வார்ப்பிரும்பு மணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்து, 29 மீட்டர் உயரத்திற்கு 'முடிவிலாத் தூண்' நிறுத்தினார். 1938 அக்டோபர் 27இல் திறப்பு நடந்தது. இறந்தவன் நினைவு, விண்ணைத் தொட்டும் முடியாமல் மேலே மேலே போகிறது. அதைச் சொல்லச் சொல் வேண்டியதில்லை. அந்தத் தூண் போதும்.

அயல்நாட்டு மன்றம் ஏற்றுக்கொண்ட அந்தக் கலைஞரைத் தாய்நாடு எப்படி நடத்திற்று? இரண்டாம் உலகப் போருக்குப் பின், ருமேனியாவிலே மன்னராட்சி ஒழிந்தது. மக்கள் பெயரால் புதிய ஆட்சி வந்தது. ஆட்டிடையன் உலகச் சிற்பியானான் என்றால், உழைப்பாளர் பெயர் சொல்லி வந்த ஆட்சியல்லவா அவனை உச்சிமேல் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும்! நடந்தது வேறு. 1951 மார்ச்சுத் திங்களில் ருமேனிய அறிவியற் கழகம் கூடிற்று. பெரும் புலவர்கள், பேர்பெற்ற எழுத்தாளர்கள் அமர்ந்திருந்தார்கள். பிராங்குசியின் கலை சீரழிந்த வணிகக் கூட்டத்தின் கலை என்ற நோக்கிலே பேச்சு நடந்தது. அவரைப் படைப்பாளரென்றே கொள்ள இயலாது என்று கூறவும் நா எழுந்தது. அந்தப் பத்தாண்டிலேயே, தர்கு ஜியூவின் தூணைச் சாய்த்துப் பழைய இரும்பாக்கவும் முனைந்தார்கள். இழுவை எந்திரம் கொண்டு இழுத்தார்கள். தூண் சாயவில்லை. சாய்ந்தது உறவு. 1952இல் பிராங்குசி பிரெஞ்சுக் குடிமகனானார். தம் பட்டறையையும் அதிலிருந்த படைப்புகளையும் பிரெஞ்சு நாட்டுக்கே எழுதிவைத்தார். 1957 மார்ச் 16இல் பாரிசில் மறைந்தார், அங்கேயே அடக்கமானார்.

இரண்டு காட்சிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். நியூயார்க்கின் சுங்க அதிகாரிக்கும் கலை புரியவில்லை. புக்காரெஸ்டின் புலவருக்கும் புரியவில்லை. புரியாமை குற்றமன்று. ஆனால், அங்கே வாதம் நடந்தது; எதிர்வாதம் நடந்தது; கலைஞரின் தரப்பிலும் சாட்சிகள் பேசினார்கள்; காரணம் காட்டித் தீர்ப்பெழுதினார்கள். இங்கே, குற்றஞ்சாட்டியவர்களே கூடிக் குற்றஞ்சாட்டியவர்களே முடிவுகட்டினார்கள். வாதம் வேறு, பூட்டு வேறு. இந்த வேறுபாட்டை உணராத ஆட்சி என்ன விலை கொடுக்கும் என்பதை, அதே நாட்டின் இரண்டு இயக்குநர்களின் வாழ்வு நமக்கு இன்னும் தெளிவாகக் காட்டும்.

முதலாமவர் லிவியு சூலெய், 1923இல் பிறந்தவர். கட்டடக்கலை கற்றவர், நடிகர், இயக்குநர். லிவியு ரெப்ரானு என்ற எழுத்தாளரின் உடன்பிறந்தான் எமில், 1917இல், ஆஸ்திரிய-அங்கேரியப் படையிலே இருந்தபோது, தன் இனத்தாரை எதிர்த்துப் போரிட மனமின்றிப் பிரிந்து செல்ல முயன்று தூக்கிலிடப்பட்டான். அந்தத் துயரிலே முளைத்த புதினம், 1922இல் வெளிவந்த 'தூக்கிலிடப்பட்டோர் காடு'. அதைப் படமாக்கினார் சூலெய். 1965இல் கான் திரைப்பட விழாவிலே சிறந்த இயக்குநர் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஆட்சியாளர் அகமகிழ்ந்தனர். அயல்நாட்டான் முதுகில் சாட்டை விழும் வரையில் அது கலை! ஆஸ்திரியப் பேரரசின் கொடுமையைக் காட்டினால் பரிசு! உள்ளூர்க் கொடுமையைக் காட்டினால்?

அதற்கு விடை, இரண்டாமவர் வாழ்வில் இருக்கிறது. அவர் லூச்சியன் பின்டிலியே, 1933இல் பிறந்தவர். 1968இல் அவர் எடுத்த படம் 'மீண்டும் நடித்தல்'. கதை எளியது. இளைஞர் இருவர் குடித்துவிட்டு ஓர் உணவு விடுதியிலே சண்டையிட்டுக் கொள்கிறார்கள். சிறு குற்றம். அரசு வழக்கறிஞரும் காவலரும் ஆசிரியரும் படப்பிடிப்பாளரும் கூடி, குடியின் தீமையை நாட்டுக்கு விளக்க ஒரு பாடப்படம் எடுக்க முடிவு செய்கிறார்கள். அதே இடத்திலே, அதே சண்டையை, அந்த இளைஞர்களே மீண்டும் போட்டுக் காட்ட வேண்டும்! போடுகிறார்கள். போதாது, உண்மையாக இல்லை, இன்னும் ஓங்கி அடி என்கிறார்கள். அடிக்கிறான், உண்மையாகிவிடுகிறது, நண்பன் உயிர் போகிறது. நல்லொழுக்கம் போதிக்க வந்தவர்கள் ஒரு கொலையை நடத்தி வைக்கிறார்கள்!

படத்திலே ஆட்சியின் பெயர் சொல்லி வசை ஒன்றும் இல்லை. ஆனால், ஆட்சிக்குத் தன் முகம் தெரிந்துவிட்டது. 1970 ஜனவரியில் படம் வெளிவந்தது, சில வாரங்களிலே திரும்பப் பெறப்பட்டது, பெட்டிக்குள் பூட்டப்பட்டது. குரங்கு கண்ணாடியை உடைத்தால் சிரிக்கிறோம். கோலேந்தியவன் உடைத்தால்?

1971 ஜூலையில், சீனமும் வட கொரியாவும் சென்று திரும்பிய ஆட்சித் தலைவர் சௌசெஸ்கு, கலையும் எழுத்தும் கட்சிக் கருத்துக்கு ஊழியம் செய்ய வேண்டுமென்று கோட்பாடு வகுத்தார். மறு ஆண்டே அதன் விளைவு தெரிந்தது. சூலெய் தலைமை வகித்த புக்காரெஸ்டின் புலாந்திரா நாடக அரங்கிலே, 1972இல், கொகோல் எழுதிய 'அரசுத் தணிக்கையாளர்' நாடகத்தை பின்டிலியே மேடையேற்றினார். மூன்றே முறை நடந்தது. தடை விழுந்தது! இயக்கியவருக்கு நாட்டிலே வேலை இல்லை. இடம் கொடுத்த சூலெய் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். கானில் பரிசு வாங்கி நாட்டுக்குப் புகழ் தேடித் தந்த அதே சூலெய்!

இதிலே ஓர் உண்மையை நாம் மறக்கவொண்ணாது. அந்த நாடகம் முதன்முதல் அரங்கேறியது 1836இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். அதிகாரிகளின் ஊழலை ஊரறிய நையாண்டி செய்த அதை, மேடையேற விட்டவன் முதலாம் நிக்கலாய்; முடியாட்சிக் கொடுமைக்கு எடுத்துக்காட்டான ஜார் மன்னன்! அரங்கேற்றத்திற்கும் வந்து அமர்ந்து பார்த்தான். கொடுங்கோல் மன்னன் பொறுத்துக்கொண்ட நகைச்சுவையை, 136 ஆண்டுகளுக்குப் பின், மக்களாட்சி என்று பெயர் சூட்டிக்கொண்டவர்களால் பொறுக்க முடியவில்லை. பெயர்ப்பலகை மாறினால் போதுமா? உள்ளே உட்கார்ந்திருக்கும் அச்சம் மாற வேண்டாமா?

வெளிநாடுகள் இவர்களை வரவேற்றன. பின்டிலியே பாரிசிலும் அமெரிக்காவிலும் நாடகங்கள் நடத்தினார். சூலெய், மினியாபொலிஸ் நகரின் கத்ரி நாடக அரங்குக்கு 1980 முதல் 1985 வரை கலைத் தலைவராயிருந்தார். ஒரு முறை பின்டிலியேவுக்குத் தாய்நாட்டில் படமெடுக்க வாய்ப்பளித்தனர். ருமேனிய நாடகச் செல்வர் கராஜாலே 19ஆம் நூற்றாண்டிலே எழுதிய நகைச்சுவை நாடகத்தைத் தழுவி, 'மணிகள் ஏன் ஒலிக்கின்றன, மித்திக்கா?' என்ற படத்தை 1981இல் முடித்தார். அதற்கும் பூட்டு! பாட்டன் காலத்துச் சிரிப்பும் பேரன் ஆட்சிக்கு ஆபத்தாகப் பட்டது.

1989 டிசம்பர் 22இல் சௌசெஸ்கு தலைநகரை விட்டு ஓடினார். 25இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் பெட்டிகள் திறந்தன. இரண்டு படங்களும் மக்கள் கண்ணுக்கு வந்தன. பின்டிலியே திரும்பிவந்து மீண்டும் படங்கள் எடுத்தார், 2018இல் மறைந்தார். சூலெய் தம் பழைய அரங்கிலே மதிப்புடன் வரவேற்கப்பட்டார், 2011இல் மறைந்தார். 2008இல் ருமேனியத் திறனாய்வாளர்கள் கூடித் தம் நாட்டின் தலைசிறந்த படம் எதுவென வாக்களித்தபோது முதலிடம் பெற்றது, பூட்டப்பட்டிருந்த அந்த 'மீண்டும் நடித்தல்'! பிராங்குசியின் முகம் நாட்டின் நாணயத் தாளிலே அச்சாயிற்று. அவர் பிறந்த நாள் நாட்டு விழாவாயிற்று. இழுத்துச் சாய்க்கப் பார்த்த தூண் உள்ளிட்ட தர்கு ஜியூ சின்னங்களை, 2024 ஜூலையில் நம் தில்லியிலே கூடிய யுனெஸ்கோவின் உலக மரபுக் குழு, உலகச் செல்வம் என்று பட்டியலிலே சேர்த்தது.

ஆகவே கலை வென்றது, வாய்மை வென்றது என்று கைதட்டிவிட்டு எழுந்துவிடலாமா? கூடாது, தோழர்களே! கணக்கை முழுதும் பார்ப்போம். 1968க்கும் 1990க்கும் இடையே 22 ஆண்டுகள். படம் எடுத்தபோது பின்டிலியே முப்பத்தைந்தை எட்டிக்கொண்டிருந்தவர். நாடு அதைத் திரும்பப் பார்த்தபோது ஐம்பத்தாறு வயதினர். ஒரு கலைஞனின் கை உரத்தோடிருக்கும் காலமெல்லாம் அதிலே அடக்கம். பூட்டிய படம் பெட்டியிலே இருக்கும், திறந்தால் ஓடும். எடுக்கவிடாமல் தடுத்த படங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன? எந்தச் சாவியால் அவற்றைத் திறப்பது? ஒரு தலைமுறை இளைஞர்கள், தம் காலத்தைத் தாமே பார்க்க முடியாமல் முதுமை எய்தினார்களே, அந்த இழப்பை எந்த விருது ஈடுசெய்யும்?

கிறிஸ்தியன் முஞ்சியு என்பவர் பிறந்தது 1968இல், அந்தப் படம் எடுக்கப்பட்ட அதே ஆண்டில். கருக்கலைப்பைத் தடை செய்த 1966ஆம் ஆண்டு ஆணை ருமேனியப் பெண்களை என்ன பாடுபடுத்திற்று என்பதை அவர் படமாக்கினார். 2007இல் கான் விழாவின் தலைமைப் பரிசான தங்கப்பனை கிடைத்தது. அந்த ஆணையால், ஒளிந்து மறைந்து கருக்கலைக்க முயன்று ஆயிரக்கணக்கான பெண்கள் மாண்டார்கள். அந்தத் துயரை ஆணை நடப்பிலிருந்தபோதே ஒரு கலைஞன் திரையிலே காட்ட முடிந்திருந்தால்? நாடு கேட்டிருக்கும், வெட்கியிருக்கும், ஒருவேளை, ஆணை அன்றே ஆட்டங்கண்டிருக்கும். கலைஞன் வாயைக் கட்டியதற்குக் கலைஞன் மட்டும் விலை கொடுக்கவில்லை. படம் பார்த்தறியாத பெண்ணும் உயிரால் விலை கொடுத்தாள்.

பூட்டியவர்கள் மதகுருமார்களா? அல்லர். தம்மை முற்போக்கினர் என்றே சொல்லிக்கொண்டவர்கள். மூடத்தனத்தை ஒழிக்க வந்தோம் என்றவர்கள். மக்களுக்குக் கேடு வரும் என்றே தடுத்தவர்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பகுத்தறிவு என்பது நாம் அடைந்துவிட்ட முடிவுகளின் பட்டியல் அன்று. எதையும் கேட்போம், ஆய்வோம், காரணம் கூறி ஏற்போம் அல்லது மறுப்போம் என்ற நெறி. அந்த நெறியைக் கைவிட்டவன், எத்தனை முற்போக்குச் சொற்களை முழங்கினாலும், தூணிலே கயிறு கட்டுகிறவன்தான்.

ஒரு நாடகம் நமக்குப் பிடிக்காமற் போகலாம். ஒரு படம் நம் கொள்கையைச் சுடலாம். ஒரு சிலை நமக்குப் புரியாமலே நிற்கலாம். எழுதுவோம், மறுப்போம், மேடையேறி வாதிடுவோம், அதைவிடச் சிறந்ததைப் படைத்துக் காட்டுவோம். பூட்டை மட்டும் தேடோம்!