காகிதப் பணத்தைக் கைவிட்ட ஸ்வீடன் அதை மீண்டும் தேடுவது ஏன்?

ஐரோப்பாவில் முதன்முதலாக வங்கித் தாள்களை வெளியிட்ட நாடு ஸ்வீடன். ரொக்கப் பணத்தின் பயன்பாட்டைப் பெருமளவு கைவிட்ட நாடுகளின் முன்வரிசையில் இருப்பதும் அதுவே. ஆனால், ரொக்கம் முற்றாக மறைந்துவிடாமல் தடுக்கும் முயற்சியில் அந்நாட்டின் நாடாளுமன்றமும் மத்திய வங்கியும் இப்போது இறங்கியுள்ளன.

17ஆம் நூற்றாண்டு ஸ்வீடனில் செப்புத் தகடுகளும் பணமாகப் புழங்கின. 10 டேலர் மதிப்புள்ள தகடு ஒன்றின் எடை ஏறக்குறைய 20 கிலோகிராம். இந்தச் சுமைக்கு மாற்றாக 1661இல் ஸ்டாக்ஹோம்ஸ் பாங்கோ என்ற வங்கி காகிதப் பணத்தை வெளியிட்டது. அளவுக்கு மீறித் தாள்களை வெளியிட்டதால் அவ்வங்கி நொடித்துப் போனது. அதன் தொடர்ச்சியாக 1668இல் உருவான ரிக்ஸ்பாங்க், உலகின் மிகப் பழைய மத்திய வங்கியாக விளங்குகிறது.

வேகமான மாற்றம்

வங்கிகள் இணைந்து 2012இல் தொடங்கிய ஸ்விஷ் என்ற கைபேசிச் சேவை இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. ரிக்ஸ்பாங்க் நடத்திய ஆய்வுகளின்படி, கடைசியாகப் பொருள் வாங்கியபோது ரொக்கமாகப் பணம் செலுத்தியவர்களின் பங்கு 2010இல் 39 சதவீதமாக இருந்தது. 2018இல் அது 13 சதவீதமாகக் குறைந்தது. வங்கிக் கிளைகள் பலவும் ரொக்கத்தைக் கையாள்வதை நிறுத்திக்கொண்டன.

இதனால் முதியோரும், மாற்றுத் திறனாளிகளும், மின்னணு அடையாளம் பெறாத புதிய குடியேறிகளும் ஓரங்கட்டப்படுவதாக எதிர்ப்பு எழுந்தது. முன்னாள் தேசியக் காவல்துறைத் தலைவர் பியோர்ன் எரிக்சன் இந்த எதிர்ப்பியக்கத்துக்குத் தலைமை தாங்கினார். பெரிய வங்கிகள் ரொக்கச் சேவைகளை வழங்கியே தீரவேண்டும் என்ற சட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

பாதுகாப்புக் கவலை

அதே ஆண்டு ஜூலையில் நடந்த இணையத் தாக்குதலால் கட்டணம் பெறும் கணினிகள் செயலிழந்தன. கூப் நிறுவனத்தின் ஏறத்தாழ 800 கடைகள் மூடப்பட்டன. 2022இல் யுக்ரெய்ன் மீது ரஷ்யா படையெடுத்த பின்னர் இக்கவலை மேலும் வலுத்தது. 2024 நவம்பரில் வீடுதோறும் அனுப்பப்பட்ட போர்க்கால வழிகாட்டிக் கையேடு, ரொக்கத்தைக் கைவசம் வைத்திருக்குமாறு அறிவுறுத்தியது.

யாருடைய பணம்?

இந்த விவாதத்தின் அடியில் ஓர் அரசியல் கேள்வி இருக்கிறது. காகிதப் பணம் அரசின் உறுதிமொழி. வங்கிக் கணக்கில் உள்ள தொகையோ தனியார் வங்கியொன்று வாடிக்கையாளருக்குத் தரவேண்டிய கடன். ரொக்கம் மறைந்தால், பொதுமக்களின் அன்றாடக் கொடுக்கல் வாங்கல் தனியார் நிறுவனங்களை மட்டுமே சார்ந்ததாகிவிடும்.

இதற்கு விடையாக ஈ-குரோனா என்ற அரசின் மின்னணு நாணயத்தை ரிக்ஸ்பாங்க் சோதித்தது. ஆனால், அதற்கான தேவை இன்னும் போதிய அளவு வலுப்பெறவில்லை என்று அரசு அமைத்த விசாரணைக் குழு 2023இல் முடிவு செய்தது.

அண்டை நாடான நார்வே, கடைகளில் ரொக்கமாகச் செலுத்தும் உரிமையை 2024இல் சட்டத்தின் மூலம் வலுப்படுத்தியது. கைவிட்ட பழக்கத்தைச் சட்டத்தால் மீட்பது எளிதல்ல என்பதே, மின்னணுப் பணத்தை நோக்கி விரையும் ஏனைய நாடுகளுக்கு ஸ்வீடனின் அனுபவம் உணர்த்தும் பாடம்.