மெலாவத்திக் குன்றின் கோட்டை

சப்பானியர் இடிந்த கோட்டையைக் காணப் புறப்படும்போது நாள் பார்ப்பர். பஞ்சாங்க நாளன்று, மரம் பூக்கும் நாள். நகானோ மாநிலத்தில் தக்காத்தோ என்றொரு கோட்டை இருந்தது. 1582ஆம் ஆண்டில் ஓடா குலத்துப் பெரும்படை அதனைத் தாக்கியபோது, உள்ளிருந்த நிசினா மொரினோபு பணிய மறுத்துப் பொருது மாண்டான். மேய்ஜி ஆட்சி வந்தபின் பழங்கோட்டைகள் வேண்டா என அரசு முடிவுசெய்ய, அதன் கட்டடங்களும் பிரித்தெடுக்கப்பட்டன. எஞ்சிய அகழியும் மண்மேடும் வெறுமையாய்க் கிடத்தலாகாதென்று 1875ஆம் ஆண்டையொட்டி ஊரார் அங்குச் செர்ரி மரங்களை நட்டனர். இன்று ஏப்ரல் மாதத்தில் அம்மேடு முழுவதும் இளஞ்சிவப்பு. வீரர் சிந்திய குருதியே அப்பூவுக்கு நிறம் தந்தது என்று கதையும் வழங்குகிறது. போர் நடந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டு கழித்து நட்ட மரங்கள் அவை என்பதைக் கதை பொருட்படுத்துவதில்லை!

தமிழகத்தில் இதற்கு இணை செஞ்சி. ஐப்பசி, கார்த்திகை மழையில் குளம் நிறைந்து, பாறை இடுக்கெல்லாம் பசுமை ஏறியிருக்கையில் இராசகிரியைக் காண்பது தனிக்காட்சி. சிவாஜி 1677இல் கைப்பற்றிய கோட்டை. மொகலாயர் முற்றுகையிட்டு 1698இல் பிடித்த கோட்டை. 1714இல் தேசிங்கு மாண்ட கோட்டை. 2025ஆம் ஆண்டில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. தேசிங்குராசன் கதை தோட்டத்து லயங்களிலும் ஒரு காலத்தில் பாடப்பட்டதாதலால், செஞ்சியைக் காணாத நம்மவரும் அதன் பெயரை அறிவர். ஆனால் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டரில், கோல சிலாங்கூரில் இருக்கும் கோட்டையைப் பற்றி நம் பிள்ளைகளைக் கேளுங்கள். “ஒல்லாந்தர் கட்டியது” என்று ஒரு விடை வரும். அவ்விடை பிழை. அப்பிழையைத் தீர்ப்பது ஆசிரியர் கடன் என்று கருதியே இதனை எழுதுகிறேன்.

சிலாங்கூர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், சுற்றிலும் தட்டையான சேற்றுநிலம். நடுவே தனித்து நிற்கும் ஒரு சிறு குன்று. அதன்மேல் பீரங்கி வைத்திருப்பவன் கையில் ஆற்றின் வாயிலே அடங்கிவிடும். உள்நாட்டில் தோண்டிய ஈயம் ஆற்றின் வழியாகவே வரவேண்டும். ஈயமோ மலாக்காவிலிருந்த ஒல்லாந்தர் பிறர்க்குப் போகாமல் தாமே கொள்ள விரும்பிய சரக்கு. கோட்டையின் வரலாறு முழுவதையும் இவ்விரண்டு செய்திகளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

பூகிஸ் மரபினரான சலேஹுடின் சிலாங்கூரின் முதற் சுல்தான். அவர் மகன் இபுராகிம் 1778இல் பட்டத்துக்கு வந்தார். இபுராகிம் காலத்தில் குன்றின்மீதிருந்த அரண் வலுவாக்கப்பட்டது. 1784இல் ரியாவ் நாட்டுப் பூகிஸ் தலைவர் ராஜா ஹாஜி மலாக்காவை முற்றுகையிட்டார். இபுராகிமும் படையுடன் துணைநின்றார். ஜூன் மாதத்தில் ராஜா ஹாஜி போர்க்களத்தில் வீழ்ந்தார். ஒல்லாந்திலிருந்து வந்திருந்த வான் பிராம் என்னும் தளபதியின் கப்பற்படை, ஆகஸ்டு மாதம் சிலாங்கூரின்மேல் திரும்பியது. சுல்தான் பகாங்குக்குச் சென்றுவிட்டார். ஒல்லாந்தர் குன்றில் காவற்படையை நிறுத்தி, பத்தாவியாவிலிருந்த தம் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் கோட்டைக்கு ஆல்டிங்பர்க் என்று பெயரிட்டனர்.

பெயர் நிலைத்தது, ஆட்சி நிலைக்கவில்லை. 1785 ஜூன் மாதத்தில், பகாங்கு மக்களின் துணையோடு தரைவழியே காடு கடந்து வந்த இபுராகிம், இரவில் கோட்டையைத் தாக்கினார். காவற்படையினர் பீரங்கிகளைப் போட்டுவிட்டுக் கப்பலேறினர். ஓராண்டுகூட நிறையவில்லை! பின்னர் அவர்கள் கடல்வழியை அடைத்து நெருக்கியதால் 1786இல் சுல்தான் உடன்படிக்கைக்கு இசைந்தார் என்பதும் உண்மையே. ஆயினும் கோட்டை அவரிடமே இருந்தது. ஓராண்டு குடியிருந்தவன் பெயரை வீட்டுக்குச் சூட்டி, கட்டியவனை மறப்பது என்ன முறை?

குன்றின்மேல் நிற்கும் வெண்ணிறக் கலங்கரை விளக்கம் இக்குழப்பத்தை வளர்த்திருக்கிறது. அதற்கும் ஆல்டிங்பர்க் என்றே பெயர். எனவே அதுவும் ஒல்லாந்தர் வேலை என்று பலர் நினைக்கின்றனர். உண்மையில் அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலேயர் காலத்தில் எழுந்தது. ஒரு கட்டடத்தின் வயதை அதன் பெயரைக் கொண்டு துணிதல் கூடாது என்பதற்கு வகுப்பில் காட்ட இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது.

கோட்டையின் அழிவுக்கு வருவோம். 1867இல் தொடங்கிய கிள்ளான் போரில், ராஜா மஹாடி ஒரு பக்கமும், சுல்தானின் மருமகனான கெடா இளவரசர் தெங்கு கூடின் மறுபக்கமும் நின்றனர். 1870இல் கிள்ளானை இழந்த மஹாடியின் பக்கத்தார் கோல சிலாங்கூரைப் பிடித்துக்கொண்டனர். 1871 ஜூன் மாதத்தில் பினாங்கிலிருந்து புறப்பட்ட ஒரு சீனக் கப்பலைக் கடற்கொள்ளையர் கைப்பற்றி, அதிலிருந்த 34 பேரைக் கொன்றனர். அக்கப்பல் கோல சிலாங்கூரில் காணப்பட்டது. தேடி வந்த ஆங்கிலேயருக்கும் கரையிலிருந்தோருக்கும் சண்டை மூண்டது. ஜூலை முதல் வாரத்தில் ரினால்டோ என்னும் போர்க்கப்பல் ஆற்றுவாயிலிலிருந்த கோட்டைகளைக் குண்டுகளால் தகர்த்தது. கொள்ளையரைத் தண்டிக்க வந்த கப்பல், உள்நாட்டுப் போரில் ஒரு பக்கத்துக்கு வெற்றி தேடித் தந்துவிட்டுப் போயிற்று. இதனைத் தற்செயல் என்று எழுதுவோர் உளர். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. அடுத்த ஆண்டு அப்போரின் தீ கோலாலம்பூரையும் எரித்தது. இன்று நாம் மல்லிகைச் சரம் வாங்கும் தெருக்கள் அச்சாம்பல்மேல் எழுந்த நகரின் தெருக்களே. 1874இல் சிலாங்கூரில் ஆங்கிலேயர் ஆலோசனை ஆட்சி தொடங்கியது. குன்றின் கோட்டைக்குப் பின்பு வேலையில்லாமற் போயிற்று.

ஆகவே அங்கே செல்பவர் செஞ்சியைப் போன்ற மதில்களை எதிர்பார்த்தல் வேண்டா. சிதறிய கல்வரிசைகள், சில பீரங்கிகள், முதல் மூன்று சுல்தான்களும் துயிலும் அரச கல்லறை, துரோகிகளின் தலை வெட்டப்பட்டதாகச் சொல்லப்படும் ஒரு பாறை, நஞ்சு கலந்ததாகச் சொல்லப்படும் ஒரு கிணறு. பின்னிரண்டையும் கதை என்று சொல்லியே காட்டுக. பிள்ளைகள் முதலில் பார்ப்பது இவற்றுள் எதனையும் அன்று, குரங்குகளை! சாம்பல்நிறத் தாயின் மடியில் செம்பொன் நிறக் குட்டி இருக்கும் லூத்தோங் குரங்குகளைப் பார்த்து முடித்தபின்பே அவர்கள் காது நமக்குக் கிடைக்கும்.

குன்றில் நிழல்தரும் தூங்குமூஞ்சி மரங்கள் மழைக்கு முன் இலை மூடும் அழகைக் காணலாம். அவையும் தக்காத்தோவின் செர்ரியைப் போலப் பின்வந்தவையே. தென்னமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மலாயாவுக்கு வந்த மரம் அது. இபுராகிம் சுல்தான் அதன் நிழலில் நின்றதில்லை.

நமக்குப் பூக்காலம் என்று தனியே இல்லை. ஆனால் பறவைக் காலம் உண்டு. குன்றின் அடியில் 1987இல் அமைந்த இயற்கைப் பூங்காவின் கண்டல் காட்டுக்கும் சேற்றுவெளிக்கும் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சைபீரியாவிலிருந்தும் உள்ளான் முதலிய கரைப்பறவைகள் வருகின்றன. மாலையில் குன்றிறங்கி, நிலவில்லாத இரவாகப் பார்த்துக் கம்போங் குவாந்தானுக்குச் சென்றால், ஆற்றோரப் பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒரே தாளத்தில் ஒளிர்ந்து அணைவதையும் காணலாம். செல்வோர் அமாவாசையை ஒட்டிச் செல்க. நமக்கும் நாள் பார்க்கும் வேலை இருக்கிறது.

ஆசிரிய நண்பர்கள் மாணவரை அழைத்துச் சென்றால், பீரங்கிக்குப் பின்னால் நிறுத்தி, அது எதனை நோக்கியிருக்கிறது என்று கேட்கவேண்டும். ஆற்று வாயை நோக்கி வைத்தவை அவை. இன்று அவற்றின் முன்னே மரங்களே தெரிகின்றன. சேறு படிந்து படிந்து கண்டல் காடு முன்னேற, கடல் அப்பால் விலகிப்போயிற்று.