ஹைட்டியின் கதவைத் திறந்தது யார்?

'தோல்வியுற்ற அரசு' என்ற சொல் செய்திகளில் வரும்போதெல்லாம் ஹைட்டியின் பெயரும் கூடவே வந்துவிடுகிறது. பின்னாலேயே இரண்டு யோசனைகளும் வருகின்றன. சந்தையைத் திறந்துவிட்டால் போட்டியில் அந்த நாடு தானாக எழுந்துவிடும் என்பது ஒன்று. அதற்குத் தன்னைத்தானே ஆளத் தெரியாது, சில காலம் வல்லரசுகள் பாதுகாக்கட்டும் என்பது இன்னொன்று. இரண்டையும் ஹைட்டியில் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள்.

பிரான்சின் காலனிகளிலேயே அதிகம் செல்வம் கொழித்தது ஹைட்டிதான். அங்கே கரும்பும் காப்பியும் விளைவித்த கறுப்பின அடிமைகள் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர். 1791 ஆகஸ்டில் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். நெப்போலியன் அனுப்பிய படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1 அன்று விடுதலையை அறிவித்தார்கள்.

1825இல் பிரெஞ்சு மன்னர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்களோடு ஓர் ஆணையை அனுப்பினார். ஹைட்டியின் விடுதலையை பிரான்ஸ் ஏற்கும், ஆனால் நிலத்தையும் அடிமைகளையும் இழந்த முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் இழப்பீடு தர வேண்டும் என்றது ஆணை. அடிமையாக இருந்தவன், தன் உடலுக்கான விலையைத் தன் பழைய எஜமானனுக்குக் கட்ட வேண்டும்! அதே ஆணையில் பலரும் கவனிக்காத இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஹைட்டித் துறைமுகங்களில் பிரெஞ்சுக் கப்பல்களுக்குப் பாதிச் சுங்கம்தான். கடனையும் சுமத்தி, அதைக் கட்ட வருவாய் தரும் சுங்கத்தையும் பாதியாக்கினார்கள். நாடுகளுக்கிடையிலான போட்டியில் ஹைட்டி இறங்கிய நிலை இதுதான்.

முதல் தவணையைக் கட்டவே ஹைட்டி பிரெஞ்சு வங்கிகளிடம் 3 கோடி கடன் வாங்கியது. தரகு போகக் கைக்கு வந்தது 2.4 கோடி. முன்பணம் வாங்கிக் கொத்தடிமையான குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. 1838இல் மொத்தத் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். ஆனாலும் அதையொட்டி வாங்கிய கடன்கள் முழுதாகத் தீர 1947 ஆயிற்று.

ஹைட்டியின் ஆட்சியாளர்களும் உத்தமர்கள் அல்ல. இழப்பீட்டுக்குச் சம்மதித்த அதிபர் புவாயே, 1826இல் சட்டம் போட்டு விவசாயிகளைத் தோட்டங்களோடு கட்டிப்போட்டார். 1957 முதல் 1986 வரை ஆண்ட துவாலியே குடும்பம் அடித்த கொள்ளை உலகறிந்தது. விடுதலையின் பலன் அடித்தட்டு வரை போய்ச் சேரவில்லை. அதற்காக அந்நியனிடம் சாவியைக் கொடுக்கலாமா?

1915இல் அமெரிக்கப் படை இறங்கியது. ஒழுங்கை நிலைநாட்டுவதாகச் சொல்லி 1934 வரை தங்கியது. அதற்கு முந்தைய டிசம்பரிலேயே ஹைட்டியின் தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கம் நியூயார்க் போய்விட்டது. அந்நியர் நிலம் வாங்க தெசலின் காலத்திலிருந்து இருந்த தடை 1918 அரசியலமைப்பில் நீக்கப்பட்டது. சாலை போட விவசாயிகளைக் கட்டாய உழைப்புக்கு இழுத்தார்கள். அடிமைத்தனத்தை ஒழித்த மண்ணில் இந்தக் காட்சி! எதிர்த்து நின்ற ஷார்லமேன் பெரால்ட்டை 1919இல் சுட்டுக் கொன்றார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் நடந்தவை இவை.

போட்டியின் கதைக்கு வருவோம். ஹைட்டிக் கிராமங்களில் கறுப்புப் பன்றிதான் ஏழையின் சேமிப்பு. கிடைத்ததைத் தின்று வளரும். பள்ளிக் கட்டணத்துக்கோ சாவுச் செலவுக்கோ ஒன்றை விற்றால் போதும். பன்றிக் காய்ச்சல் அமெரிக்கப் பண்ணைகளுக்குப் பரவிவிடும் என்று பயந்து, 1980களின் தொடக்கத்தில் அந்த இனத்தை ஏறக்குறைய முழுதாகக் கொன்றார்கள். மாற்றாக வந்த அமெரிக்கப் பன்றிகளுக்குக் கொட்டகை வேண்டும், விலை கொடுத்து வாங்கும் தீவனம் வேண்டும். விவசாயிகள் அவற்றை 'நான்கு கால் இளவரசர்கள்' என்று கேலி செய்தார்கள்.

அடுத்தது அரிசி. அர்த்திபோனித் பள்ளத்தாக்கு நாட்டின் நெற்களஞ்சியம். 1995இல் அரிசி இறக்குமதி வரி 3 சதவீதத்துக்கு இறக்கப்பட்டது. தன் அரசின் மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. மானியமே இல்லாத உழவன் அதனோடு எப்படிப் போட்டியிடுவான்? நிலத்தை விட்டுத் தலைநகரின் குடிசைகளுக்குப் போனான். 2010 ஜனவரியில் நிலநடுக்கம் வந்தபோது அந்த நகரம்தான் இடிந்தது. இரண்டே மாதங்களில், ஆர்கன்சா மாநிலத்தின் சில விவசாயிகளுக்கு அந்தக் கொள்கை உதவியிருக்கலாம், ஆனால் அது தவறு என்று அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார் பில் கிளின்டன். வரியை இறக்கவைத்த அதிபரே அவர்தான்.

ஆகவே, காக்கலாமா கூடாதா என்ற கேள்வியே பிசகு. யார் காப்பது என்றுதான் கேட்க வேண்டும். அமெரிக்கா தன் உழவனுக்கு மானியம் தரலாம், ஹைட்டி தன் உழவனுக்காக வரி போடக் கூடாதாம். ஹைட்டிக்குத் தேவை, தன் கதவைத் தானே திறக்கவும் மூடவுமான உரிமை. கூடவே பறித்த பணமும் திரும்ப வேண்டும்.

2003இல் அதிபர் அரிஸ்டைட் அந்தப் பணத்தைக் கேட்டார்: வட்டியோடு 2,100 கோடி டாலருக்கும் மேல். 2004 பிப்ரவரியில் பதவி இழந்து அமெரிக்க ஏற்பாட்டில் விமானமேற்றப்பட்டார். 2025இல், இழப்பீட்டு ஆணையின் இருநூறாம் ஆண்டில், வரலாற்றாளர்கள் குழு ஒன்றை அறிவித்தார் பிரெஞ்சு அதிபர் மக்ரோன். பணத்தைப் பற்றி அவர் எந்த உறுதியும் தரவில்லை.